சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்ட் கடைகள்: எங்கே போவது, எதைத் தொட்டுப் பார்ப்பது

கேள்வி: பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கியிருக்கிறோம். கையில் இருந்ததெல்லாம் ரெனவேஷனுக்கே கரைந்துவிட்டது. மற்ற சாமான்களைச் செகண்ட் ஹேண்ட் கடைகளில் பார்க்கலாம் என்கிறார் கணவர். மாமியாரோ, அடுத்தவர் கழித்துப் போட்டதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தரித்திரம் என்கிறார். அங்கே உண்மையிலேயே நல்ல பொருள் கிடைக்குமா? சிலர் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கடைகளைச் சுற்றுகிறார்களே, அதில் அப்படி என்ன சந்தோஷம்?

பதில்:

கிடைக்கும். புதிதாக வாங்கப் போனால் கைக்கு எட்டாத பொருள் கிடைக்கும். இப்போது யாருமே செய்யாத பொருளும் கிடைக்கும். ஆனால் போன அன்றே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நாலு தடவை வெறுங்கையோடு வந்து, ஐந்தாவது தடவை ஒரு நல்ல தேக்கு மேசையின் முன்னால் நிற்பீர்கள். அந்தப் பொறுமை இருந்தால் இது உங்களுக்கு ஒத்துவரும்.

முதலில் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப் பெரியவர் மனம் கோணும்படி ஒரு சோபாவைக் கொண்டுவந்து போட்டால், அதில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. அவர் சொல்வது நம்மிடம் காலங்காலமாக இருக்கிற எண்ணம். அதே நம் வழக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றுகிறோம்? பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில். தூளி கட்டுவது பாட்டியின் நூல்சேலையில். அக்காள் பாவாடை தங்கைக்கு, அண்ணன் சட்டை தம்பிக்கு என்றுதான் நம்மில் பலர் வளர்ந்தோம். ஆகவே பழசு என்றாலே ஆகாது என்பது நம் வழக்கமில்லை. யாருடையது என்று தெரியாத பழசு என்பதுதான் அவரை உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு மரியாதை கொடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணிதான். பூஜை அறைக்கு வேண்டியதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் புதிதாகவே வாங்குங்கள். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, சமையல் பாத்திரம் இவற்றுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். இன்னும் நல்லது, ஒரு நாள் அவரையே கூட்டிக்கொண்டு போவது. பித்தளையையும் பட்டையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுவதற்கு நம்மைவிட அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், சிங்கப்பூரில் பழைய பொருள் என்று வருவதில் பாதி பழசே இல்லை. இங்கே வீடு சின்னது, வீடு மாறுவது அதிகம். வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக் குடும்பம் சில வாரங்களுக்குள் மொத்த வீட்டையும் காலி செய்தாக வேண்டும். இரண்டு முறை சுட்டுவிட்டு மூலையில் வைத்த ரொட்டி மெஷின், குழந்தை நடக்க ஆரம்பித்ததும் இடத்தை அடைக்கிற தொட்டில், ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஷெர்வானி, பரிசாக வந்து பெட்டியே பிரிக்காத கோப்பைத் தட்டுகள் எல்லாம் இப்படித்தான் கடைக்கு வருகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குளிர்கால மேல்கோட்டு. பூமத்திய ரேகையிலிருந்து ஒரு டிகிரி சொச்சம் தள்ளி இருக்கிற தீவு இது. ஆண்டு முழுக்க வியர்வை. டிசம்பர் விடுமுறைக்குக் கொரியா, ஜப்பான் போகிறவர் நல்ல விலை கொடுத்து ஒரு கம்பளிக் கோட்டு வாங்குகிறார். ஒரு வாரம் போடுகிறார். திரும்பி வந்ததும் அலமாரியில் இடமில்லை, கொடுத்துவிடுகிறார். கொடுக்க ஆள் நிறைய, வாங்க ஆள் குறைவு. விலை தானாக இறங்குகிறது. குளிர்நாட்டில் பழைய துணிக் கடைக்கு வரும் கோட்டு பல குளிர்காலம் கண்டிருக்கும். இங்கே வருவது ஒரு வாரம் கண்டது. லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ படிக்கப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பேரங்காடிக்குப் போகும் முன் இந்தக் கடைகளில் நுழையுங்கள். உள்பக்க லேபிளில் கம்பளி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள், ஜிப்பை மேலும் கீழும் இழுங்கள், பைகளுக்குள் கைவிட்டு உள்துணி கிழிந்திருக்கிறதா என்று தடவுங்கள். அப்புறம் மூக்கருகே வைத்துப் பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். அது டிரை கிளீனிங் செய்தாலும் லேசில் போகாது.

யாரும் எடுக்காத துணி எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் கணக்கின்படி, அண்மை ஆண்டுகளில் துணி, தோல் கழிவில் மறுசுழற்சியாவது வெறும் 2 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் எரியுலையில் சாம்பலாகி, செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் இயங்கத் தொடங்கிய அந்த இடம்தான் நாட்டில் இருக்கிற ஒரே குப்பை நிரப்பிடம். 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. ஒரு நல்ல கோட்டை அந்த வரிசையிலிருந்து உருவி எடுத்து வருவது எனக்கு உண்மையிலேயே நிறைவு தருகிறது.

மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் அவரிடம் சுங்கை ரோட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரம். 1930களில் தொடங்கிய சந்தை அது. திருட்டுச் சாமான், கடத்தல் சாமான், ராணுவச் சாமான் எல்லாம் விற்றதால் திருட்டுச் சந்தை என்றே பெயர் வந்தது. பிற்காலத்தில் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தரையில் தார்ப்பாயை விரித்து, பழைய கைக்கடிகாரம், நாணயம், டிரான்சிஸ்டர், சார்ஜர், ஜேட் மோதிரம் என்று பரப்பியிருப்பார்கள். வாடகை இல்லாமல் கடை போடக் கிடைத்த இடம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது முடிந்தது. அந்த வட்டாரத்தில் ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலையம் அதே ஆண்டு அக்டோபரில் திறந்தது. அந்தச் சந்தைக்கு ஈடாக இன்னோர் இடம் இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம். உட்கார்ந்து, எடுத்து, திருப்பி, விலை கேட்டு, எழுந்து போகிற மாதிரி இரண்டடி வைத்து, மறுபடியும் விலை கேட்கிற அந்தப் பழக்கத்துக்கு ஒரு சந்தை தேவை.

இப்போது எங்கே போவது? வீட்டுச் சாமான் என்றால் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற அறநிறுவனத்தின் பிரெய்ஸ்ஹேவன் கடையிலிருந்து தொடங்குங்கள். அப்பர் புக்கிட் தீமா ரோட்டில், ஹில்வியூ எம்ஆர்டி பக்கம். மேசை நாற்காலி, பாத்திரம், துணி, புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். பொங்கோலிலிருந்து தூரம்தான், ஆனால் கட்டில் அலமாரி தேடுகிறவர் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

துணிமணி, கைப்பை, அணிகலன் என்றால் வாட்டர்லூ ஸ்திரீட். ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கிற அதே தெருவில், பிராஸ் பாசா பக்கமாக நடந்தால், சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றம் நடத்தும் நியூ டு யூ கடை வரும். நடத்துகிறவர்கள் தொண்டூழியர்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான ஸ்டார் ஷெல்ட்டர் என்ற அடைக்கல இல்லத்தை நடத்துவதும் இதே மன்றம்தான். கோயிலுக்குப் போகிற அன்று அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

மைண்ட்ஸ் அமைப்பின் கடைகளையும் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1962இல் தொடங்கிய அமைப்பு இது. அந்தக் கடைகளில் துணியைத் தரம் பிரிப்பது, தொங்கவிடுவது, கல்லாவில் நிற்பது எல்லாமே அவர்களுக்கு வேலைப் பயிற்சி. பணம் எண்ணிக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடைகளில் சில, வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹோட்டல்கள் அறைகளைப் புதுப்பிக்கும்போது கழிக்கிற நாற்காலி, மேசை விளக்கு, கண்ணாடி இவற்றுக்குப் பெயர்போனது கம்போங் அம்பாட்டில் இருக்கிற ஹொக் சியோங். அங்கே விலை மேலே சொன்ன அறநிறுவனக் கடைகள்போல் இருக்காது. ஆனால் ஹோட்டல் நாற்காலி தினமும் புதுப்புது ஆள் உட்காருவதற்கென்று செய்யப்பட்டது, உறுதி இருக்கும். பழைய கேமராவுக்குப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். புத்தகத்துக்கு, 1980இல் திறந்த பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். கைத்தொலைபேசியில் பார்த்து வாங்குவதற்குக் கேரசல். 2012இல் இங்கேயே மூன்று இளைஞர்கள் தொடங்கியது. இவை தவிர உங்கள் புளோக்கின் கீழ்த்தளமும் மின்தூக்கி வாசலும் இருக்கின்றன. வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரோ துடைத்து வைத்துவிட்டுப் போன ஸ்டூல், பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் வருவதற்குள் உங்கள் கண்ணில் பட்டால் உங்கள் யோகம்.

புத்தகம் என்றதும் ஒன்று மனதில் வருகிறது. தமிழ் படித்த தலைமுறை ஒன்று இங்கே மறைந்துகொண்டிருக்கிறது. தாத்தா காலமானதும், தமிழ் சரளமாகப் படிக்க வராத பேரப்பிள்ளைகள் அவருடைய அலமாரியை அப்படியே பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவற்றில் ஒரு பகுதிதான் தப்பிப் பழைய கடைகளுக்கு வருகிறது. அங்கேயும் எந்தப் பிரிவில் வைப்பது என்று தெரியாமல் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகியிருப்பார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் நின்று புரட்டுங்கள். உள்ளூர்ச் சங்கம் வெளியிட்ட ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர் இவையெல்லாம் மறுபதிப்பு வராதவை. அவற்றில் சிராங்கூன் ரோட்டுப் பழைய கடைகளின் விளம்பரங்கள் இருக்கும், மூன்று இலக்கத் தொகைகளோடு நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் வாங்கி, வேண்டிய ஒருவரிடம் கொடுங்கள்.

சரி, பார்த்து வாங்குவது எப்படி என்பதற்கு வருவோம். இங்கே நம் முதல் எதிரி ஈரப்பதம். சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இதில் ஏமாற்றுவது காலணி. பெட்டியோடு, போடாத, புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் ஷூ மலிவாகக் கிடைக்கும். வாங்கிப் போட்ட அன்றே அடிப்பாகம் கேக்கைப்போல் உதிர்ந்து விழும். அடியில் இருக்கிற பாலியூரிதேன் நுரை, போட்டாலும் போடாவிட்டாலும், காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். விரிசல் விட்டாலோ, பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள். செயற்கைத் தோல் கைப்பைக்கும் இதே கதை; உள்பையில் கைவிட்டால் ஒட்டும். நல்ல தோல், தையல் போட்ட அடி, இவைதான் இந்த ஊரில் இன்னொரு பத்து வருடம் தாங்கும். கேமரா லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை.

பட்டுச்சேலை கையில் கிடைத்தால் எல்லாரும் முந்தானையைத்தான் முதலில் விரிப்பார்கள். நீங்கள் மடிப்பைப் பாருங்கள். பல ஆண்டு ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடந்த பட்டு, சரியாக அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். முழுக்க விரித்து, ஜன்னல் பக்கம் பிடித்து, மடிப்பின் இருபுறமும் விரல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தச் சேலையைக் கட்ட முடியாது. ஜரிகையில் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள்: நல்ல காஞ்சிபுரம் ஜரிகையின் நடுவில் சிவப்புப் பட்டுநூல் இருக்கும், அதன்மேல் வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். தேய்ந்த ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். உடல் இற்றிருந்து கரை நன்றாக இருந்தாலும் வாங்கலாம். குஷன் உறைக்கும் திரைச்சீலைப் பட்டிக்கும் அந்தக் கரை போதும்.

மரச்சாமானில் முகத்தைப் பார்க்காமல் இழுப்பறையை முழுக்க வெளியே உருவிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பலகை ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிணைந்திருந்தால் அது தச்சர் செய்தது. துகளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஓரத்தில் ஊறி உப்பியிருக்கிறதா என்று தடவுங்கள். அந்த வகை அலமாரியைக் கழற்றி மாட்டினால் இரண்டாம் முறை ஸ்க்ரூ பிடிக்காது. கழற்றாமல் கொண்டுவர முடிந்தால் மட்டும் எடுங்கள். மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகளும் அடியில் மாவு மாதிரி தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். மெத்தையும் துணி சோபாவும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூட்டைப்பூச்சி ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால், மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு மருந்தடிக்கப் போய்விடும். வாங்குகிற துணியை வீட்டுக்குள் பரப்பாமல் நேரே துவைக்கப் போடுங்கள்; துணி தாங்கும் என்றால் 60 டிகிரி சுடுநீரில்.

மின்சாமானில் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது மிக்ஸியும் கிரைண்டரும். ஊருக்கே திரும்பிப் போகும் குடும்பங்கள் நல்ல கல் கிரைண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தியாவிலும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால் ஓடும். பிளக்தான் வேறு. உருண்டைக் கம்பிப் பிளக்கை ஏதோ ஒரு அடாப்டரில் திணித்து ஓட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் மூன்று கம்பிப் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அடிக்கல்லில் சில்லு பெயர்ந்திருந்தால் மாவில் மணல் நெருடும். ரப்பர் வாடை வந்தால் பெல்ட் போகப் போகிறது. அது சின்னச் செலவுதான், விலையில் குறைக்கச் சொல்லலாம். இங்கே விற்கப்பட்ட இஸ்திரிப் பெட்டி, சோறு சமைக்கும் குக்கர், மின்விசிறி இவற்றில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கைத்தொலைபேசி என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டு, பழைய உரிமையாளரின் கணக்கு முழுக்க நீக்கப்பட்டதை உங்கள் கண்முன் காட்டச் சொன்ன பிறகே பணம் கொடுங்கள். குழந்தையின் கார் இருக்கையும் தலைக்கவசமும் பழசாக வேண்டவே வேண்டாம். விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இனி நீங்கள் கேட்ட அந்தச் சந்தோஷம். விலை குறைவு என்பது அதில் ஒரு பகுதிதான். ஒரு அறநிறுவனக் கடையில், பூச்சாடிகளுக்கு நடுவே, கறுத்துப்போன ஒன்று நின்றது. விலைச்சீட்டில் மெழுகுவர்த்தித் தாங்கி என்று எழுதி 12 வெள்ளி (டாலர்) போட்டிருந்தார்கள். கையில் எடுத்ததுமே எடை சொன்னது. சாவிக் கொத்தில் மாட்டியிருக்கும் சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, ஆகவே உள்ளே இரும்பு இல்லை. தண்டைப் பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை, அப்புறம் கரகரவென்று கழன்றது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, எல்லாம் மரை போட்டுப் பூட்டியவை. தட்டில் ஐந்து முகம். உச்சியில் இருக்க வேண்டிய அன்னத்தைக் காணவில்லை, அதன் மரைத்துளை மட்டும் இருந்தது. நாச்சியார்கோயில் பக்கத்து வார்ப்பு வேலையில் இப்படித்தான் பாகம் பாகமாகச் செய்து பூட்டுவார்கள். சீட்டு எழுதிய தொண்டூழியருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மரையின் பள்ளத்தில் திரியின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகிப் போயிருந்தன. ஏதோ ஒரு வீட்டில் எத்தனையோ சாயங்காலம் எரிந்த விளக்கு. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளியே வந்தது. தேக்காவில் புதிதாக வாங்கிய ஒரு அன்னம் அதன் உச்சியில் இப்போது பொருந்தி நிற்கிறது.

அந்தக் கடையில் அன்று எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள். அது என்னவென்று தெரிந்த ஒருவர் வந்து நிற்கிற நொடியில் ஏற்படுகிற குதூகலம் தள்ளுபடி விற்பனையில் வராது. தள்ளுபடியில் விலையை வேறொருவர் குறைக்கிறார், நமக்கு அதில் வேலை இல்லை. இங்கே நம் கண்ணும் கையும் மூக்கும் நம் வீட்டில் கற்றுக்கொண்ட அத்தனையும் வேலை செய்கின்றன. பாட்டி பாத்திரம் தேய்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுகூடப் பயன்படுகிறது. வெறுங்கையோடு திரும்புகிற நாளிலும் ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் வருகிறோம். சனிக்கிழமை தவறாமல் போகிறவர்கள் இதற்காகத்தான் போகிறார்கள் என்பது என் நம்பிக்கை.

தங்கம் பற்றியும் கேட்பீர்கள். அடகுக் கடைகளில் மீட்காமல் போன நகைகளை மெருகேற்றி விற்கிறார்கள். புது நகைக்குச் செய்கூலியும், மொத்த விலையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். பழைய பொருள் விற்கும் வணிகர் லாபத்தின்மேல் மட்டும் வரி கட்டுகிற முறை ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் 916 (22 காரட்) வளையல் ஒன்று எடைக்கு நெருங்கிய விலையில் கிடைக்க வாய்ப்புண்டு. இது மனதைப் பொறுத்த விஷயம். தாலிக்கும் கல்யாண நகைக்கும் யாரும் அங்கே போவதில்லை.

கடையில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் வழி இருக்கிறதா? இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்குப் பழுதுபார்ப்போ, மாற்றுப் பொருளோ, விலைக் குறைப்போ, பணமோ கேட்கலாம். பொருளின் வயதையும் விலையையும் வைத்துத்தான் அந்த எதிர்பார்ப்பு எடைபோடப்படும். வாங்கும்போதே சுட்டிக்காட்டிய குறைக்குப் பிறகு முறையிட முடியாது. வணிகரிடம் வாங்கினால்தான் இதெல்லாம். கேரசலில் ஒரு தனியாளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. ஆகவே தனியாளிடம் வாங்கும்போது எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்து, பொருளைப் பார்த்த பிறகு பேநவ் வழியாகப் பணம் அனுப்புங்கள். டெலிவரிக்கு என்று யாராவது இணைப்பு அனுப்பி அட்டை விவரம் கேட்டால் அதைத் தொடாதீர்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

பேரம் பேசுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சந்தையிலும் கேரசலிலும் பேசுங்கள், அங்கே அது எதிர்பார்க்கப்படுவது. அறநிறுவனக் கடையில் பேசாதீர்கள். அந்த 5 வெள்ளி சட்டையில் 1 வெள்ளி குறைத்தால் அது யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று நமக்குத் தெரியும். அதேபோல, காலையிலேயே வந்து நல்லதையெல்லாம் வாரிக்கொண்டு போய் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதே கடைக்குத்தான் வெளிநாட்டு ஊழியரும் பணிப்பெண்களும் ஊருக்கு அனுப்பத் துணி தேடி வருகிறார்கள், வருமானம் குறைந்த குடும்பங்கள் குழந்தைச் சாமான் தேடி வருகின்றன. நமக்கு ஒன்று வேண்டுமென்றால் ஒன்றை எடுப்போம். கொடுக்கும்போதும் அப்படியே: கிழிந்ததையும் உடைந்ததையும் மூட்டை கட்டிக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனால், அதை அப்புறப்படுத்துகிற செலவு அவர்கள் தலையில்தான் விழும்.

எப்போது போவது என்றால், சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும். வீட்டைச் சுத்தம் செய்து கழிப்பவர்கள் அப்போதுதான் அதிகம். அடுத்தது ஜூன், ஜூலை. அனைத்துலகப் பள்ளிகளின் கல்வியாண்டு முடிந்து குடும்பங்கள் நாடு மாறுகிற காலம். முடிந்தால் வார நாளில், காலையில். போகும் முன் ஹாலின் அளவு, சுவரின் அளவு, உங்கள் வீட்டு வாசலின் அகலம், மின்தூக்கிக் கதவின் அகலமும் உயரமும் எல்லாவற்றையும் எழுதிக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுநாடாவையும் மறக்காதீர்கள். புக்கிட் தீமாவிலிருந்து பொங்கோலுக்கு வேன் வாடகை சில சமயம் மேசையின் விலையைத் தாண்டிவிடும். அதனால் முதல் நாளே மேசையை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல், எடுத்து வைக்க எத்தனை நாள் அனுமதிப்பார்கள் என்று கடையில் கேட்டுவிட்டு, நாற்காலி, அலமாரி என்று தேறுவதையெல்லாம் ஒரே வேனில் ஏற்றுகிற மாதிரி திட்டமிடுங்கள்.